20 அவுன்ஸ் பெயின்ட்பால் சிஓ2 டேங்க் வால்வில் கசிவு: இறுக்கலாமா, கடைக்கு எடுத்துப்போகலாமா?

#1 பச்சைப்பந்து

வணக்கம். 20 அவுன்ஸ் அலுமினிய சிஓ2 டேங்க், சாதாரண பின் (pin) வால்வு, அதாவது நடுவில் உள்ள ஊசி அழுந்தினால் திறக்கும் வகை, ஆன்/ஆஃப் குமிழ் கிடையாது. தோள்பகுதியில் டிஓடி-3ஏஎல்1800 என்று (அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தரக்குறி) பொறித்திருக்கிறது. கடையில் நிரப்பி வாங்கியதிலிருந்து வால்வுப் பக்கம் மெல்லிய ‘ஸ்ஸ்’ சத்தம் வருகிறது, காதைக் கிட்டே கொண்டுபோனால் தெளிவாகக் கேட்கிறது. மார்க்கரில் (பெயின்ட்பால் துப்பாக்கியில்) மாட்டவில்லை, தனியாகத்தான் நிற்கிறது. முனையில் இருக்கும் ஓ-ரிங்குக்கு (கசிவைத் தடுக்கும் வளையம்) பதில் புதிது போட்டாயிற்று, சத்தம் நிற்கவில்லை. இடம் டெக்சாஸ். டேங்க் கராஜுக்குள் இருக்கிறது, வெளியே 36 டிகிரி செல்சியஸ்.

ஸ்பேனர் போட்டு லேசாக இறுக்கினால் நிற்குமா? இல்லையென்றால் காரில் போட்டுக் கடைக்கே திரும்ப எடுத்துப்போகலாமா?

#2 பித்தளைத்திருகி

சகோ, ஸ்பேனரைத் தொடாதீர்கள். உள்ளே வாயு இருக்கும்வரை இந்த டேங்கில் எந்த மூட்டையும் இறுக்கவும் கூடாது, தளர்த்தவும் கூடாது. காதையும் முகத்தையும் வால்வுக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். அந்த நேரம் பர்ஸ்ட் டிஸ்க் (அழுத்தம் மிஞ்சினால் கிழிந்து வாயுவை வெளியே விடும் பாதுகாப்புத் தகடு) கிழிந்தால் செவிப்பறையும் கண்ணும் போய்விடும்.

முதலில் இடத்தை மாற்றுங்கள். கராஜிலிருந்து எடுத்து, வீட்டுக்கு வெளியே நிழலான திறந்தவெளியில், வால்வு மேலே இருக்கும்படி நிமிர்த்தி வையுங்கள். சாயாமல் இருக்க ஒரு வாளிக்குள் பழைய துணியைத் திணித்து நிறுத்தினால் போதும். குழந்தைகளும் நாயும் அந்தப் பக்கம் வரக் கூடாது. தூக்கும்போது பெயின்ட்பால் மாஸ்க்கும் தடித்த கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், தலை வால்வுக்கு நேர்மேலே வர வேண்டாம்.

அடுத்தது ஓ-ரிங். டேங்க் தனியாக நிற்கும்போது அந்த முனை ஓ-ரிங் எதையுமே அடைப்பதில்லை. மார்க்கரின் அடாப்டரில் திருகி, பின் அழுந்தி வாயு வெளியே வந்த பிறகுதான் அதற்கு வேலை. ஆகவே தனியாக நிற்கும் டேங்க் சீறினால் ஓ-ரிங்கை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை. மாட்டிய பிறகு மட்டும் சீறினால்தான் ஓ-ரிங்கைச் சந்தேகப்படலாம், அல்லது மார்க்கரின் உள் சீல்களை.

தனியாக நிற்கும் டேங்கில் கசிவதற்கு மூன்றே வழிகள்தான் உண்டு:

1. நடுவில் இருக்கும் பின் வழியாக.
2. வால்வின் பக்கவாட்டில் இருக்கும் பர்ஸ்ட் டிஸ்க் நட்டின் சிறு துளைகள் வழியாக.
3. பித்தளை வால்வு அலுமினியக் கழுத்தில் இறங்கும் இடத்தில்.

எதுவென்று தெரிந்துகொள்ளச் சோப்புத் தண்ணீர் போதும். ஒரு டம்ளர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி கலந்து, நீளக் காம்புள்ள தூரிகையால் தடவுங்கள். முதலில் கழுத்து, பிறகு டிஸ்க் நட், கடைசியாகப் பின். மரைகளுக்கிடையே சிக்கிய காற்றே முதலில் சில குமிழிகளை விடும், அது கசிவு அல்ல. ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி தடவி, ஒரே இடத்தில் குமிழி தொடர்ந்து வளர்கிறதா என்று பாருங்கள்.

கழுத்தில் குமிழி வந்தால் அதோடு நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள். அந்த டேங்கை அசைக்கக்கூட வேண்டாம்.

#3 துணைமுனை

டிஸ்க் நட்டில் கசிவு என்றால் கால் சுற்று இறுக்கினாலே நின்றுவிடும் என்று பலரும் செய்கிறார்கள். மரையில் டெஃப்லான் டேப் சுற்றினாலும் நிற்கும். காலி செய்யாமலே முடிகிற வேலைக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையா?

#4 பித்தளைத்திருகி

துணைமுனை, இரண்டுமே வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

பர்ஸ்ட் டிஸ்க் என்பது மெல்லிய செம்புத் தகடு. நட் அதன் விளிம்பை வால்வு உடலோடு சேர்த்து நசுக்கிப் பிடிக்கிறது. அடைப்பது அந்த நசுங்கிய விளிம்புதான், மரை அல்ல. அழுத்தத்தில் தகட்டின் நடுப்பகுதி ஏற்கெனவே குமிழாக வெளியே தள்ளியிருக்கும். அந்த நிலையில் நட்டை இறுக்கினால் விளிம்பு வெட்டுப்பட்டு மெலியும், 3,000 பிஎஸ்ஐ (சதுர இன்ச்சுக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வரை தாங்க வேண்டிய தகடு அதற்கு வெகு முன்பே கிழியும். அதுவும் உங்கள் கை ஸ்பேனரில் இருக்கும்போதே கிழியலாம்.

டெஃப்லான் டேப் மரையில் எதையும் அடைக்காது, ஏனென்றால் வாயு அங்கே தடுக்கப்படுவதே இல்லை. மரையில் டேப் இருந்தால் நட் சரியாக இறங்காது, பிய்ந்த துணுக்கு பின் சீலில் போய் உட்கார்ந்து இரண்டாவது கசிவை உண்டாக்கும். முனையின் அடாப்டர் மரைக்கும் இதே விதிதான், அங்கே அடைப்பது ஓ-ரிங்.

இன்னும் இரண்டு பழக்கங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: ‘அடிக்கடி போகிறது’ என்று இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது, நட்டை எடுத்துவிட்டுப் போல்ட் போட்டு அடைப்பது. டேங்கின் கடைசிப் பாதுகாப்பே அந்தத் தகடுதான். அது திறக்க முடியாமல் போனால் அடுத்துக் கிழிவது டேங்கின் உடல். நட்டில் எதிரெதிராகத் துளைகள் இருப்பதற்கும் காரணம் உண்டு. வாயு பல பக்கமும் சமமாகப் பிரிந்து போனால் டேங்க் எந்தப் பக்கமும் உந்தப்படாது. ஒற்றைத் துளை உள்ள பழைய நட் எங்காவது கண்ணில் பட்டால், டேங்கைக் காலி செய்தபின் மாற்றிவிடுங்கள்.

#5 வாயுக்கணக்கு

கார் கேள்விக்கு எண்களோடு பதில் சொல்கிறேன்.

20 அவுன்ஸ் என்றால் 567 கிராம் சிஓ2. 44 கிராமுக்கு ஏறத்தாழ 24 லிட்டர் என்ற கணக்கில், முழு டேங்கும் வெளியேறினால் சாதாரண வெப்பத்தில் சுமார் 310 லிட்டர் வாயு. ஒரு காரின் உள்வெளி சுமார் 3 கன மீட்டர், அதாவது 3,000 லிட்டர். டிஸ்க் கிழிந்து முழுவதும் உள்ளே வெளியேறினால் காற்றில் சிஓ2 பத்து சதவீதத்தை எட்டும். அமெரிக்கப் பணியிட விதிகளில் எட்டு மணி நேரத்துக்கான சராசரி வரம்பு 0.5 சதவீதம், உயிருக்கு உடனடி ஆபத்து என்று குறிப்பது 4 சதவீதம். 10 சதவீதத்தில் சில நிமிடங்களில் நினைவு தப்பும். ஓட்டுபவருக்கு அதுவே போதும், கூடவே அந்த வெடிச் சத்தமும் கண்ணை மறைக்கும் வெண்புகையும்.

அடுத்தது வெயில். சிஓ2 டேங்கில் நிரம்பியிருப்பது பெரும்பாலும் திரவம். 21 டிகிரியில் உள்ளழுத்தம் சுமார் 850 பிஎஸ்ஐ. அளவாக நிரப்பிய டேங்க் என்றால் ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு 0.68 கிலோ. சுமார் 27 டிகிரியிலேயே அந்தத் திரவம் விரிந்து டேங்க் முழுவதையும் நிறைத்துவிடும், மேலே வாயுவுக்கு இடமே இருக்காது. அதற்குப் பிறகு ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் மளமளவென்று ஏறும், 50 டிகிரியில் 2,000 பிஎஸ்ஐக்குப் போய்விடும். வெயிலில் பூட்டி நிற்கும் காருக்குள் 60 டிகிரி சாதாரணம். கடைக்காரர் கொஞ்சம் கூடுதலாக நிரப்பியிருந்தால் டிஸ்க் கிழியும் எல்லை அங்கேயே வந்துவிடும்.

கசிகிற டேங்கைக் காரில் ஏற்ற வேண்டாம். காலி செய்த பிறகு கொண்டுபோங்கள். நல்ல டேங்கைக்கூட ஜன்னலைத் திறந்துவைத்து, நேராகக் கடைக்கோ களத்துக்கோ மட்டும் எடுத்துப்போவதே சரி.

வீட்டுக்குள் வைத்தாலும் கணக்கு இதுதான், அறை பெரிது என்பதால் சதவீதம் குறையும், அவ்வளவே. ஆனால் சிஓ2 காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். அடித்தளம், படிக்குக் கீழே உள்ள அறை, தரையில் படுக்கை போட்டிருக்கும் இடம், இங்கெல்லாம் தங்கி நிற்கும். அங்கே யாராவது மயங்கிக் கிடந்தால் கதவு ஜன்னலைத் திறக்காமல் உள்ளே ஓடாதீர்கள். முதலில் 911.

#6 பச்சைப்பந்து

நன்றி. டேங்க் இப்போது வெளியே, மரநிழலில், வாளிக்குள். சோப்புத் தண்ணீர் தடவியதில் கழுத்தில் ஒன்றும் இல்லை, பின்னிலும் இல்லை. பக்கவாட்டு நட்டின் ஒரு துளையில் மட்டும் கடுகளவு குமிழிகள் தொடர்ந்து வருகின்றன. ஸ்டிக்கரில் காலி எடை 1,050 கிராம் என்று இருக்கிறது. சமையலறைத் தராசில் 1,572 கிராம் காட்டியது, இரண்டு மணி நேரம் கழித்து 1,560. ஃப்ரீசரில் வைத்தால் அழுத்தம் குறைந்து கசிவு நின்றுவிடுமா?

#7 வாயுக்கணக்கு

எடை போட்டது மிகச் சரியான வேலை. சிஓ2 டேங்கில் எவ்வளவு மிச்சம் என்று அழுத்தமானியால் சொல்ல முடியாது. திரவமும் அதன்மேல் வாயுவும் இருக்கும் நிலையில், வெப்பம் மாறாதவரை, திரவம் கொஞ்சம் இருந்தாலும் நிறைய இருந்தாலும் அழுத்தம் ஒன்றுதான், எடைதான் பேசும்.

மணிக்கு 6 கிராம் கசிகிறது, அதாவது மூன்றேகால் லிட்டர் வாயு. மிச்சம் 510 கிராம். திறந்தவெளியில் இதனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. இதே வேகத்தில் போனால் மூன்றரை நாளில் தானாகத் தீரும். தகடு திடீரென்று முழுதாகக் கிழிவதுதான் இப்போது இருக்கும் ஆபத்து.

ஃப்ரீசர் வேண்டாம். 0 டிகிரியிலும் உள்ளே சுமார் 500 பிஎஸ்ஐ இருக்கும், கசிவு நிற்காது. குளிரில் சீல்கள் விறைத்துக் கசிவு கூடவும் செய்யலாம். மூடிய பெட்டிக்குள் கிழிந்தால் ஃப்ரீசர் கதவே பறக்கும்.

#8 பித்தளைத்திருகி

டிஸ்க் மூட்டு என்பது நல்ல செய்தி, சகோ. கழுத்து இறுகி இருக்கிறது, ஆகவே டேங்கை மெதுவாகக் கையாளலாம். இரண்டு வழி உண்டு.

முதல் வழி, அப்படியே விட்டுவிடுவது. நிழலில், வெளியில், யாரும் நெருங்காமல் தானாகத் தீரட்டும். வேலை எதுவும் இல்லாத பாதுகாப்பான வழி இதுதான், நான் இதையே தேர்ந்தெடுப்பேன்.

இரண்டாவது, மார்க்கர் வழியாகத் தீர்ப்பது. குண்டுகளையும் ஹாப்பரையும் (குண்டுகள் நிரப்பும் கூடை) எடுத்துவிட்டு, மாஸ்க் போட்டு, வால்வு மேல்பக்கமாக இருக்கும்படி மார்க்கரைப் பிடித்து, ஆளில்லாத திசையில் வெறுமையாகச் சுடுங்கள். டேங்க் தலைகீழானால் திரவமே மார்க்கருக்குள் போய் உள் சீல்களை உறையவைக்கும். டேங்க் மீது பனி படர ஆரம்பித்தால் நிறுத்தி, பழைய வெப்பத்துக்கு வரட்டும், பிறகு தொடருங்கள். அவசரப்பட்டு ஸ்குரூடிரைவரால் பின்னை நேரடியாக அழுத்தி வெளியேற்றுவதைப் பலர் செய்கிறார்கள். சீறி வருவது −78 டிகிரிப் பனித்தூள், விரல் நுனி நொடியில் உறைந்துவிடும். அப்படி உறைந்தால் தேய்க்கக் கூடாது. 37 முதல் 40 டிகிரி வெதுவெதுப்பான நீரில் வைத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.

காலி என்று எப்போது நம்புவது? சத்தம் நின்றதும் நம்பக் கூடாது. உள்ளழுத்தம் சுமார் 5 பார், அதாவது 75 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் சிஓ2 திரவமாக இருக்க முடியாது. வேகமாக வெளியேற்றியபோது ஒரு பகுதி உள்ளேயே பனிக்கட்டியாகி உட்கார்ந்துவிடும். சத்தம் அடங்கும், பின் வழியாக ஒன்றும் வராது. அரை மணி கழித்து அந்தக் கட்டி வாயுவாக மாறி மறுபடி அழுத்தம் ஏறும். இந்த இடைவெளியில் நட்டைக் கழற்றியவர்களுக்குத்தான் அடிபடுகிறது.

மூன்றும் ஒன்றாகப் பொருந்த வேண்டும்: டேங்க் தொடுவதற்குச் சுற்றுப்புற வெப்பத்தில் இருக்க வேண்டும், எடை ஸ்டிக்கரில் உள்ள காலி எடைக்கு இறங்கியிருக்க வேண்டும், ஓரிரண்டு மணி நேரம் கழித்து மார்க்கரில் திரும்ப மாட்டிச் சுட்டால் வாயு வரக் கூடாது. ஸ்டிக்கர் எடையில் வால்வும் சேர்த்தியா என்று பாருங்கள், சிலவற்றில் இருக்காது. சந்தேகம் இருந்தால் எடை இனி இறங்கவே இல்லை என்பதை அளவாகக் கொள்ளுங்கள்.

#9 சனிக்கிழமை_களம்

டிஸ்க் மாற்றும் பகுதியை எழுதுகிறேன். காலி டேங்கில் இது சிறிய வேலை, ஆனால் சரியான பாகம் வேண்டும்.

சிஓ2 பின் வால்வுக்கு 3,000 பிஎஸ்ஐ தகடு, கடையில் 3கே என்று கேட்டால் தருவார்கள். உயர் அழுத்தக் காற்று டேங்குகளுக்கு உரிய 5கே, 7.5கே தகடுகள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம், அதை இதில் போட்டால் பாதுகாப்பே இல்லாமல் போகும். தகடு, வாஷர், நட் மூன்றும் சேர்ந்த தொகுப்பாக வாங்குங்கள், அதுவும் உங்கள் வால்வைச் செய்த நிறுவனத்துக்கு உரியதாக. பழைய வாஷரைத் திரும்பப் போடாதீர்கள், அது ஏற்கெனவே நசுங்கி உருவம் எடுத்துவிட்டது.

பழைய நட்டை எடுத்ததும் தகட்டைக் கவனியுங்கள். விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் அழுத்தத் தடம் ஆழமாக இருந்தால் கோணலாக இறங்கியிருக்கிறது. நடுவில் ஊசித்துளை இருந்தால் உலோகம் களைத்துவிட்டது, ஒவ்வொரு நிரப்பலிலும் உப்பி இறங்கி நாளடைவில் அப்படியாகும். பச்சை படிந்திருந்தால் ஈரம். பஞ்சு உதிராத துணியால் தகடு உட்காரும் இருக்கையைத் துடையுங்கள், கத்தியோ ஊசியோ கொண்டு சுரண்டக் கூடாது. கீறல் ஒன்று விழுந்தால் வால்வே போயிற்று. எண்ணெய், கிரீஸ், பசை, டேப் எதுவும் இல்லாமல் உலர்வாகப் போடுங்கள்.

இறுக்கும் அளவு தொகுப்போடு வரும் தாளில் இன்ச்-பவுண்டில் இருக்கும். அந்த அளவுக்கு டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லையென்றால் கடையில் செய்யச் சொல்லுங்கள். கைக்கணக்கில் குறைந்தால் கசியும், கூடினால் தகடு மெலிந்து வெயில் நாளில் கிழியும்.

முதல் நிரப்பலை முழுதாகச் செய்யாதீர்கள். நூறு கிராம் அளவு நிரப்பச் சொல்லி, அங்கேயே சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்து, சரியென்றால் மட்டும் மேலே நிரப்பலாம்.

#10 மழைக்காடு_7

எனக்குத் தெரிய வேண்டியது: கழுத்தில் குமிழி வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அசைக்கக்கூட வேண்டாம் என்று ஏன்?

#11 பித்தளைத்திருகி

இதைத்தான் எல்லோரும் படிக்க வேண்டும்.

வால்வு கழுத்துக்குள் திருகப்பட்டிருக்கும் மரை 5/8 இன்ச் விட்டம், இன்ச்சுக்கு 18 மரை. அந்தப் பரப்பில் 850 பிஎஸ்ஐ தள்ளினால் வால்வை வெளியே தள்ளும் விசை ஏறத்தாழ 118 கிலோ. எதிர்ப்பக்கம் அதே விசை ஒரு கிலோ எடையுள்ள டேங்கைப் பின்னால் தள்ளுகிறது. மரை பிடித்திருக்கும்வரை ஒன்றும் இல்லை. விட்டுவிட்டால் டேங்க் ஏவுகணை மாதிரி பறக்கும். அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2004-இல் உயிரிழப்புகளுக்குப் பிறகு எச்சரித்தது இதைப் பற்றித்தான்.

பெரும்பாலும் இது நடப்பது டேங்கை மார்க்கரிலிருந்து கழற்றும்போது. ஒரு டேங்கில் இரண்டு மரை உண்டு. ஒன்று வால்வுக்கும் மார்க்கர் அடாப்டருக்கும் நடுவே, மற்றது வால்வுக்கும் கழுத்துக்கும் நடுவே. இரண்டும் ஒரே திசையில்தான் கழலும். முதல் மரை அழுக்கால் இறுகி, இரண்டாவதைப் பிடித்திருக்கும் மரைப் பசை விட்டுப்போயிருந்தால், நீங்கள் டேங்கைத் திருகும்போது வால்வு மார்க்கரிலேயே தங்கி, டேங்க் மட்டும் வால்விலிருந்து கழன்று வரும். கை உணர்வில் வேறுபாடே தெரியாது. ஒரு சுற்றுக்கு 1.4 மில்லிமீட்டர் வெளியே வருகிறது, சில சுற்றுகளில் பிடிமானம் தீர்ந்துவிடும்.

அதற்கு ஒரே காவல் கண்தான். நெயில் பாலிஷால் வால்வின் பித்தளையிலிருந்து டேங்கின் தோள் வரை ஒரு நேர்கோடு போடுங்கள். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் அந்தக் கோட்டைப் பாருங்கள். கோடு ஒன்றாகச் சுழன்றால் சரி. டேங்கின் பாதி நகர்ந்து வால்வின் பாதி நின்றால் உடனே நிறுத்துங்கள். திரும்ப இறுக்கிப் பார்க்க வேண்டாம். முன்னும் பின்னும் ஆளில்லாதபடி அப்படியே கீழே வைத்து, எல்லோரையும் விலக்கிவிட்டு, அந்தக் களத்திலோ கடையிலோ பயிற்சி பெற்ற ஏர்ஸ்மித்தை (டேங்க், மார்க்கர் பழுதுபார்ப்பவரை) கூப்பிடுங்கள்.

பிற்காலத்து வால்வுகளில் கழுத்து மரையின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை இருக்கும். மரை கொஞ்சம் வெளியே வந்ததும் அதன் வழியாக வாயு சீறி எச்சரிக்கும், பிடிமானம் இருக்கும்போதே அழுத்தம் இறங்கும். கழுத்தில் குமிழி என்றால் வால்வுக்கும் கழுத்துக்கும் நடுவே இருக்கும் ஓ-ரிங் போயிருக்கலாம், அல்லது வால்வு இளகியிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து எது என்று சொல்ல முடியாது. அதனால்தான் தொடாதே என்கிறேன். வெளியில் இருந்தால் கசிந்து தீரட்டும். வீட்டுக்குள் இருந்தால் ஆட்களை வெளியேற்றி, கதவுகளைத் திறந்துவிட்டுத் தீயணைப்புத் துறையிடம் சொல்லுங்கள்.

காலியான பிறகும் வால்வை வீட்டில் கழற்ற முயல வேண்டாம். கடினப் பசையால் பிடித்திருக்கும் வால்வை இளக்க கேஸ் டார்ச்சின் தீயால் சூடாக்கும் பழக்கம் ஒன்று உண்டு. 3ஏஎல் அலுமினிய டேங்க் 350 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 175 செல்சியஸைத் தாண்டிச் சூடானால் விதிப்படி அது கழிக்க வேண்டிய டேங்க். அலுமினியத்தின் பதம் போய்விடும், வெளியே ஒரு தடமும் தெரியாது. அடுப்பில் வைத்துப் பவுடர் கோட்டிங் செய்வதும் அப்படியே.

#12 கிள்ளான்_மஞ்சள்

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன் அண்ணே. இங்கே பகல் வெயில் 33, 34 என்பதால் சிஓ2 ஏறக்குறைய எப்போதும் அந்த விரிந்த நிலையிலேயே இருக்கும், அழுத்தமும் நிரப்பும் அளவைப் பொறுத்து டேங்குக்கு டேங்க் மாறும். காற்று டேங்குக்கு மாறியவர்களுக்காக அதன் கசிவுகளையும் சேர்த்துவிடுகிறேன், வால்வுக்குப் பதில் ரெகுலேட்டர் (அழுத்தத்தைக் குறைத்து வெளியே விடும் பாகம்) என்பதால் இடங்கள் வேறு.

3,000 பிஎஸ்ஐ அலுமினிய டேங்கின் உயர்பக்கத் தகடு 5கே, 4,500 பிஎஸ்ஐ கார்பன் ஃபைபரில் 7.5கே. ரெகுலேட்டருக்குப் பிறகு உள்ள வெளியீட்டுப் பக்கத்தில் இன்னொரு தகடு, 1.8கே. இந்த 1.8கே கிழிந்தால் தகட்டை மட்டும் மாற்றி நிரப்பக் கூடாது. வெளியீடு வழக்கமாக 850 அல்லது 450 பிஎஸ்ஐ. அது 1,800-ஐ எட்டியது என்றால் உள்ளே பிஸ்டன் இருக்கை சரியாக அடைக்கவில்லை, அழுத்தம் ஊர்ந்து ஏறுகிறது. ரெகுலேட்டரைச் சீர்செய்யாமல் போடும் புதுத் தகடும் கிழியும்.

ரெகுலேட்டரின் உடலில் உள்ள மூச்சுத்துளையில் கசிந்தால் பிஸ்டன் ஓ-ரிங். நிரப்பும் நிப்பிளில் கசிந்தால் பெரும்பாலும் மணல்துகள். நிரப்புக் குழாயை மாட்டி ஒரு நொடி காற்று விட்டால் துகள் போய்விடும், போகாவிட்டால் டேங்கைக் காலி செய்து நிப்பிளை மாற்ற வேண்டும்.

நிப்பிளில் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 4,500 பிஎஸ்ஐ காற்று வேகமாக உள்ளே பாயும்போது முன்னால் இருக்கும் காற்று நசுங்கிக் கடுமையாகச் சூடாகும், டீசல் இன்ஜினில் நடப்பது அதுதான். எண்ணெய் அங்கே தீப்பிடிக்கும். சோப்புத் தண்ணீரையும் ரெகுலேட்டரில் தூரிகையால் மட்டும் தொடுங்கள், வாளியில் முக்க வேண்டாம்.

#13 துணைமுனை

டிஸ்க் விளக்கத்துக்கு நன்றி, இனி டேப் இல்லை. களத்தில் அடிக்கடி வருவது பின் கசிவுதான். நிரப்பி எடுத்ததும் பின் வழியாகவே சீறுகிறது. அதற்கும் காலி செய்வதுதான் வழியா?

#14 சனிக்கிழமை_களம்

பின் கசிவு மட்டும் கொஞ்சம் எளிது. நிரப்பும்போது பின் கீழே தள்ளப்பட்டு மேலே வரும், அந்த நேரம் ஒரு துகள் சீலில் சிக்கினால் அடைக்காது. கழுத்தும் டிஸ்கும் உலர்வாக இருக்கின்றன என்று சோப்பில் உறுதியான பிறகு, டேங்கை மார்க்கரில் மாட்டிக் கழற்றினாலே பல நேரம் துகள் அடித்துக்கொண்டு போய்விடும். போகாவிட்டால் மாட்டிய நிலையிலேயே விட்டு ஆடித் தீர்க்கலாம். மாட்டியிருக்கும்போது பின் எப்படியும் அழுந்தித்தான் இருக்கிறது, அடைக்கும் வேலை முனை ஓ-ரிங்குக்குப் போய்விடுகிறது. அதுவரை மார்க்கர் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் என்பதை மறக்காமல், ஆடாத நேரத்தில் பேரல் உறையை (குழல் முனையை மூடும் உறை) கழற்றாதீர்கள். தீர்ந்த பிறகு பின் சீலையோ முழு வால்வையோ மாற்ற வேண்டும்.

முனை ஓ-ரிங் பற்றியும் ஒரு வார்த்தை. அளவு 015, உள்விட்டம் 14 மில்லிமீட்டர், தடிமன் 1.78. கறுப்பு நைட்ரைல் ரப்பர் வேண்டாம், 90 கடினத்தன்மையுள்ள பாலியூரிதேன் வாங்குங்கள். நைட்ரைல் சிஓ2-வை உறிஞ்சும், டேங்கைக் கழற்றி அழுத்தம் சட்டென்று இறங்கியதும் உறிஞ்சிய வாயு உள்ளிருந்தே விரிந்து ரப்பரைக் கொப்பளிக்க வைத்துவிடும்.

கழற்றும் முறையும் ஓ-ரிங்கின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. முக்கால் சுற்று கழற்றினால் பின் மூடிக்கொள்ளும். அங்கே நிறுத்தி, பாதுகாப்பான திசையில் சுட்டு மார்க்கரில் மிச்சமிருக்கும் வாயுவை வெளியேற்றி, பிறகு மீதியைக் கழற்றுங்கள். நெயில் பாலிஷ் கோட்டைப் பார்க்கவும் அதுவே சரியான நேரம்.

#15 பச்சைப்பந்து

டேங்கை வெளியிலேயே விட்டுத் தீரவிட்டேன். எடை 1,051-இல் நின்றது, மார்க்கரில் மாட்டிச் சுட்டும் எதுவும் வரவில்லை. கடையில் டிஸ்க் தொகுப்பு மாற்றினார்கள். பழைய தகட்டில் தடம் ஒரு பக்கம்தான் ஆழம், கோணலாகத்தான் இருந்திருக்கிறது. கொஞ்சம் நிரப்பிச் சோப்பில் பார்த்துவிட்டு முழுதாக நிரப்பினார்கள். 1,612 கிராம், மறுநாளும் அதே 1,612. நெயில் பாலிஷ் கோடு போட்டாயிற்று.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். தோளில் 06, ஒரு சதுரத்துக்குள் நாலு எழுத்து, 21 என்று அச்சு இருக்கிறது. இது காலாவதியா?

#16 பித்தளைத்திருகி

06-ம் 21-ம் ஹைட்ரோ டெஸ்ட் (டேங்கின் வலிமையைப் பார்க்கும் நீர் அழுத்தச் சோதனை) நடந்த மாதமும் ஆண்டும், 2021 ஜூன். நடுவில் உள்ள சதுரம் சோதித்த நிலையத்தின் அடையாள எண். உங்கள் டேங்குக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனை உண்டு, ஆகவே 2026 ஜூன் வரை நிரப்பலாம். தேதி தாண்டும்போது உள்ளே வாயு இருந்தால் அதைப் பயன்படுத்தித் தீர்க்கலாம், சோதனை இல்லாமல் மறுபடி நிரப்பத்தான் கூடாது. இரண்டு இன்ச்சுக்கும் குறைவான விட்டமுள்ள சிறு டேங்குகளுக்கு அமெரிக்காவில் இந்தச் சோதனை கேட்பதில்லை, உங்களுடையது அதைவிடப் பருமன்.

விமானத்தில் எடுத்துப்போகும் எண்ணம் இருந்தால் அதற்கும் முன்பே கடைக்குப் போங்கள். வால்வு முழுவதும் கழற்றப்பட்டு உள்ளே கண்ணால் பார்க்க முடிகிற டேங்கை மட்டுமே பாதுகாப்புச் சோதனையில் விடுகிறார்கள். கழற்றுவதும், போய்ச் சேர்ந்த ஊரில் புது மரைப் பசையோடு திரும்ப மாட்டுவதும் ஏர்ஸ்மித் செய்ய வேண்டியவை. மாட்டியதும் கோட்டைப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள், பழைய கோடு இனிப் பொருந்தாது.